பின்னிருக்கை

ஒப்பந்தத்தின் நான்காம் பத்தி:
ஓட்டுநர் தோலின்மேல் உட்காரக் கூடாது.
அதனால் எனக்கும் இருக்கைக்கும் நடுவே
சரசரக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு.
ஆண்ட்வெர்ப்பிலிருந்து அஸ்கோனா வரை,
கிலோமீட்டருக்கு எண்பது சென்ட்.
அடுத்தவர் காரை அவர் வாசலில் விட்டுவிட்டு
பஸ் பிடித்துத் திரும்புவது என் பிழைப்பு.

கதவை அறைந்து சாத்த வேண்டியதில்லை.
விரல் பட்டால் போதும், கடைசி அங்குலத்தை
அதுவே உள்ளுக்கு இழுத்துக்கொள்கிறது.
உடனே உலகம் வாயை மூடுகிறது.
இரட்டைக் கண்ணாடிக்கு வெளியே
நாற்பது டன் லாரி
தொட்டி மீனைப் போல நழுவிப் போகிறது.
தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை
இருக்கைப் பட்டியை நீட்டுகிறது,
கை கழுவியவருக்குத் துண்டு நீட்டுவதைப்போல.

வால்நட் பலகையில் ஒரே மரத்தின் வரிகள்
இடமும் வலமும் கண்ணாடி பார்த்துக்கொள்கின்றன.
காற்றுத் துவாரத்தின் உலோகக் குமிழ் மட்டும் சில்லென்று இருக்கிறது;
மற்றதெல்லாம் உடம்புச் சூட்டில்.
ஒவ்வொரு முறை எஞ்சினைக் கிளப்பும்போதும்
திரையில் எழுத்து மலர்கிறது:
வருக, திரு. ஏபர்சோல்ட்.
லக்ஸம்பர்க் தாண்டியதும்
நானும் வணக்கம் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

பின்னிருக்கை இரண்டு.
யாருக்காக என்று தெரியவில்லை.
முழங்கால் உள்ள எவருக்கும் அல்ல.
கைப்பைக்கு இருக்கலாம், கோட்டுக்கு இருக்கலாம்.
ஆனாலும் அதற்கும் அதே தையல்,
அதே வெண்ணெய் நிறத் தோல்.

கோட்ஹார்டு சுரங்கத்துக்கு முன் பனி.
உள்ளே ஏதோ லாரி கவிழ்ந்ததாம்.
மூன்று மணி நேரம் யாரும் ஓரடி நகரவில்லை.
கண்ணாடியை யாரோ தட்டுகிறார்கள்.
எவ்வளவு நேரமாகத் தட்டினாரோ,
இந்தக் காருக்குள் எதுவும் கேட்பதில்லை.

பின்னால் நின்ற பழைய ஃபியட்டிலிருந்து வந்தவள்.
ஹீட்டர் செத்துவிட்டது, பிள்ளை நடுங்குகிறான் என்றாள்.
ஃபியோரென்ட்சா. பெலின்ட்சோனா. சலவைக்கூடத்தில் வேலை.
பிள்ளைக்குப் பதினோரு மாதம்.
நான்காம் பத்தியை ஒரு நிமிடம் நினைத்தேன்.
ஒரு நிமிடம் முழுதாகக்கூட இல்லை.
எனக்கடியிலிருந்த விரிப்பை உருவிப்
பின்னிருக்கையில் போட்டுப் பிள்ளையைக் கிடத்தினோம்.
தலையிலிருந்து கால்வரை
அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தினான்.
அட, உனக்காகத்தானா இது!

அவள் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
முன்னிருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.
பொத்தானைத் தவறி அமுக்கியிருக்க வேண்டும்.
"ஐயோ, யாரோ முதுகைத் தொடுகிறார்கள்!"
இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.
பட்டியலில் 'அலை' என்று ஒன்று இருந்தது. அதை வைத்தேன்.
பத்து மணி நேரம் நின்ற முதுகு
மெல்ல மெல்லச் சாய்ந்தது.
விரிப்புகளுக்கு எத்தனை டிகிரி வெந்நீர் என்று
சொல்லிக்கொண்டிருந்தவள்
எண்ணுக்கு முன்னாலேயே தூங்கிப்போனாள்.

நான் என்ன செய்வேன்? விரிப்பு இல்லை.
முதல் முறையாகத் தோலின்மேல் உட்கார்ந்திருந்தேன்.
இருக்கையைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் மேலே,
இடுப்புக்கு ஒரு மேடு, தொடைக்குக் கீழே ஒரு விரற்கடை.
என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.
இத்தனை வருடத்தில்
எந்த நாற்காலியும் என்னை அதைக் கேட்டதில்லை.

நான்கரைக்குச் சுரங்கம் திறந்தது.
பிள்ளையைக் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.
கண்ணாடியில் அவளுடைய விளக்கு
ஐரோலோ வரை கூடவே வந்தது, பிறகு இல்லை.

அஸ்கோனாவில் வெள்ளைக் கையுறை அணிந்த ஒருவன்
டார்ச் அடித்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தான்.
கறை இல்லை, கீறல் இல்லை, ரொட்டித் துணுக்கும் இல்லை.
கையெழுத்திட்டேன்: ஹோட்லீவ், ஓட்டுநர்.

ஏபர்சோல்ட் வந்தார். ஆறடி நான்கு அங்குலம் இருப்பார்.
உள்ளே அமர்ந்து எஞ்சினைக் கிளப்பினார்.
திரை அவரை வரவேற்றது, பெயர் சொல்லி.
இருக்கை மட்டும்
மெதுவாக முன்னே போனது, மேலே போனது,
இடுப்பில் மேடு கட்டியது,
அவர் முழங்கால் வால்நட்டில் முட்டும் வரை.

பஸ்ஸுக்கு இன்னும் ஆறு நிமிடம்.
விரிப்பை நாலாக மடித்தேன்.
பால் வாசம்.